கிளிங்கான்: எதிரிக்கு ஒரு பண்பாடு கிடைத்த கதை

'ஸ்டார் டிரெக்' பார்த்தவங்களுக்கு கிளிங்கான்னு சொன்னதும் என்ன ஞாபகம் வரும்? மானம், குலப்பெருமை, ரெண்டு கையால பிடிச்சு வீசுற 'பாட்லெத்' வாள், போர்க்களத்தில் சாகறதே பெருமைன்னு நினைக்கிற ஒரு மறவர் கூட்டம்.

ஆனா 1967-ல் இந்த அமெரிக்கத் தொடரில் அவங்க முதன்முதலா வந்தப்போ போர் ஆசை மட்டும்தான் இருந்தது. அது பனிப்போர் காலம். எழுத்தாளர் ஜீன் கூன் படைச்சது சோவியத் யூனியனை நினைவூட்டும் ஓர் எதிரியை. சூழ்ச்சி, உளவு, அடக்குமுறை, அவ்வளவுதான். நெற்றி மேடுகூட 1979-ல் வந்த படத்தில்தான் முளைச்சது.

1984 படத்துக்காக மார்க் ஓக்ராண்ட் என்ற மொழியியலாளர் அவங்களுக்கு இலக்கணத்தோட ஒரு மொழியே உருவாக்கினார். அதில் செயப்படுபொருள் முதலில், எழுவாய் கடைசியில்.

பெரிய திருப்பம் 1987-ல். அடுத்த தொடரில் வொர்ஃப் என்ற கிளிங்கான், நாயகர்களின் கப்பலிலேயே அதிகாரி. தூரத்தில் நிற்கிற எதிரிக்கு ஒரு முகம் போதும். கூடவே வேலை பார்க்கிறவனுக்கு அப்பா, குலம், சடங்கு எல்லாம் வேணுமே! 1990-ல் இருந்து ரொனால்ட் மூர் எழுதிய கதைகள் அதை நிரப்பின.

1991 டிசம்பரில் வெளியான படத்தில் கிளிங்கான்களோடு சமாதானப் பேச்சு. அதே மாதம் சோவியத் யூனியன் கலைந்தது.

அடுத்த முறை பாட்டும் சடங்கும் இல்லாத ஓர் எதிரிக் கூட்டத்தைத் திரையில் பார்த்தா, எழுதினவங்க அப்போ யாரைப் பார்த்துப் பயந்தாங்கன்னு கொஞ்சம் தேடிப் பாருங்க.