பேனாக் கட்டையின் முனைமட்டம்

மரப்பேனா கடைவதில், துளையிட்டுப் பித்தளைக் குழாய் ஒட்டிய கட்டையின் இரு முனைகளும் துளையின் அச்சுக்குச் செங்கோணத்தில் அமையாவிட்டால், உலோக உறுப்புகளை அழுத்திப் பொருத்தும்போது இணைப்பில் இடைவெளி தெரியும். சில வேளைகளில் மரமே பிளந்துவிடும். தச்சரின் தொன்மையான மூலைமட்டமும் இழைப்புளியும் இதற்குப் போதவில்லை. ஏனெனில் அவை கட்டையின் புறப்பக்கத்தையே ஆதாரமாகக் கொள்பவை, துளையோ அப்பக்கத்துக்கு இணையாகச் சென்றிருக்கும் என்னும் உறுதி இல்லை.

தீர்வு உலோகப் பட்டறையில் முன்பே இருந்தது. துளைக்குள் நுழையும் வழிகாட்டித் தண்டும், அதைச் சூழ்ந்த பற்களுள்ள வெட்டுத்தலையும் கொண்ட கருவியால், திருகாணித் தலை அமரும் பரப்பை அங்கே துளைக்குச் செங்கோணமாகச் சீவினர். துளையையே அளவுகோலாக்கிய இந்தச் சிந்தனை உண்மையிலேயே வியப்புக்குரியது. 1986இல் அமெரிக்க மரக்கடைசலர் சங்கம் தோன்றி, அக்கலை பொழுதுபோக்காக வேரூன்றிய பின்னர், பேனா உறுப்புத் தொகுப்புகளுடன் இதே அமைப்பு 7 மில்லிமீட்டர் குழாய்க்கேற்பச் சிறிதாக்கப்பட்டு, 'பேனா மில்' என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது.

முறுக்கிழை மரங்களின் விளிம்பை அதன் பற்கள் பெயர்த்துவிடுவதால், அதே தண்டின் துணையுடன் உப்புத்தாள் வட்டால் தேய்க்கும் வழக்கமும் உருவாயிற்று. எவ்வழியாயினும், பித்தளை விளிம்பு பளிச்சிட்டவுடன் நிறுத்திவிட வேண்டும். மேலும் சீவினால் குழாய் குறுகி, எழுதுமுனையை இயக்கும் பொறி அளவோடு பொருந்தாது.