பெருவிரலும் கையெழுத்தும்

திருச்சி எடமலைப்பட்டி புதூரில் இன்று ரேஷன் அரிசி வாங்கப் போகிறவர் இயந்திரத்தில் விரலை வைக்க வேண்டும். 2020 முதல் தமிழ்நாடு முழுக்க இதுதான் நடைமுறை. கைநாட்டை ஒழிக்கத்தான் இந்த நாடு முதியோர் கல்வியை நடத்தியது. இப்போது பட்டதாரியும் விரலைத்தான் வைக்கிறார். இதன் வேரைத் தேடினால் 1858க்குப் போக வேண்டும். வங்காளத்தில் அதிகாரியாக இருந்த வில்லியம் ஹெர்ஷல், ஓர் ஒப்பந்தக்காரரின் உள்ளங்கையை மையில் தொட்டு ஒப்பந்தத்தாளில் பதித்து வாங்கினார். பின்னால் ‘நான் போட்டதில்லை’ என்று அவர் மறுத்துவிடக் கூடாது என்பதே நோக்கம். ஆக, ரேகை முதலில் காப்பாற்றியது அதை வாங்கிக்கொண்டவரைத்தான். வைத்தவருக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால், எதற்காக வைக்கிறோம் என்று படித்துப் பார்க்கவும் எதிர்க்கேள்வி கேட்கவும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். டிஜிட்டல் குடிமை என்று இன்று சொல்லப்படுவதைப் பெரியவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது ரேகையை வைத்தவருக்கும் வாங்கியவருக்கும் இடையிலான இந்தப் பழைய வழக்கின் தொடர்ச்சியே.

அந்த வழக்கு ஒருமுறை நன்றாக நடத்தப்பட்டதற்குச் சாட்சி பக்கத்திலேயே இருக்கிறது. 1974 வரை திருச்சி மாவட்டத்தோடு இருந்த புதுக்கோட்டையில் 1991இல் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், பின்னர் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் வெங்கடேஷ் ஆத்ரேயாவுடன் சேர்ந்து அந்த அனுபவத்தை நூலாகவே எழுதினார். அங்கே அரிச்சுவடியோடு பாடம் நிற்கவில்லை. ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். கல்குவாரியில் கூலிக்குக் கல் உடைத்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரியையே குத்தகைக்கு எடுத்தார்கள். குத்தகைக்காரரான பிறகு கணக்கைப் படிக்கத் தெரியாமல் இருக்க முடியாது. எழுத்துக்கு வேலை இருந்தது. அதனால் அது கையில் நின்றது. வேலை இல்லாத இடங்களில் கற்றது கரைந்துபோனதும் உண்மைதான். அறிவொளியைக் குறை சொல்கிறவர்கள் இதைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் அந்தக் குறை செல்போனுக்குப் பொருந்தாது. தினமும் பத்துமுறை எடுக்கிற பொருள் மறந்துபோகாது. மறப்பதைவிட, தப்பாகப் பழகிவிடுவதே இங்கே ஆபத்து.

2017இல் மத்திய அரசு கொண்டுவந்த பிரதமரின் கிராமப்புற டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டம் 6 கோடிப் பேரை இலக்காக வைத்தது. பயிற்சி 20 மணி நேரம். வயது 14 முதல் 60 வரை. கிராமக் குடும்பங்களுக்கு மட்டும். மாநகராட்சிக்குள் இருக்கும் எடமலைப்பட்டி புதூர் அதில் வரவில்லை. 61 வயதுக்காரர் எந்த ஊரில் இருந்தாலும் வரவில்லை. முதியோர் உதவித்தொகை வாங்குகிறவர்களை விட்டுவிட்டு டிஜிட்டல் எழுத்தறிவு பேசியது எனக்கு விளங்கவில்லை. வீட்டில் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்களே என்பார்கள். தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதிக்கொடுத்தவரும் அப்படித்தான் பார்த்துக்கொண்டார். என்ன எழுதினார் என்பது மனு கொடுத்தவருக்குத் தெரியாது. பேரனிடம் பின் நம்பரைக் கொடுத்துவிட்ட பாட்டியின் நிலையும் அதுதான்.

இன்னொரு வாதம் இன்னும் வலுவானது: பெரியவர்களுக்கு உரிமைப் பாடமெல்லாம் எதற்கு, ‘ஓடிபி சொல்லாதே’ என்றால் போதாதா? போதாது. ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று வீடியோ காலில் மிரட்டிப் பணம் பறிக்கிறவன் முதலீடாக வைப்பது சட்டம் தெரியாதவரின் பயத்தைத்தான். அப்படியொரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை என்று தெரிந்தவர் போனை வைத்துவிட்டு சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழைப்பார். தடைகளை மட்டும் மனப்பாடம் செய்தவர் போலீஸ் உடுப்பைப் பார்த்ததும் நடுங்குவார். பாடத்தை ரேஷன் கடையிலேயே தொடங்கலாம். பொருள் வாங்கியதும் போனுக்கு வரும் குறுஞ்செய்தியைப் பையில் இருப்பதோடு ஒத்துப்பார்ப்பது. வாங்காத பருப்புக்குச் செய்தி வந்தால் ரேஷன் புகார் எண் 1967க்கு அழைத்துச் சொல்வது. விரல் வைத்துப் பணம் எடுக்கும் இடத்தில் ரசீது கேட்டு வாங்குவது. தேவையில்லாத நேரத்தில் ஆதார் ரேகையைப் பூட்டிவைப்பது. கல்லுடைத்தும் பாத்திரம் தேய்த்தும் ரேகை தேய்ந்த கையை இயந்திரம் ஏற்காமல் போவதுண்டு. அதைக் காரணம் காட்டி யாருக்கும் ரேஷனை மறுக்கக் கூடாது என்று மத்திய அரசு 2017 அக்டோபரில் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. அந்த உத்தரவு வரிசையில் நிற்பவருக்குத் தெரியாதவரை, ‘ரேகை விழலை, நாளைக்கு வாங்க’ என்ற பதிலை வாங்கிக்கொண்டு அவர் திரும்பிப் போவார்.