‘வெரி’ என்னும் சொல்லின் முன்வரலாறு

ஆங்கிலத்தில் ‘மிக’ என்னும் பொருளில் இன்று ஓயாது வழங்கும் ‘வெரி’ என்ற சொல், 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின் அரசவையிலும் நீதிமன்றத்திலும் ஓங்கிநின்ற பிரெஞ்சிலிருந்து, ‘மெய்யான’ என்று பொருள்படும் பெயரடையாகவே அம்மொழிக்குள் வந்தது. அதன் வேர், உண்மையைக் குறிக்கும் ‘வேருஸ்’ என்னும் இலத்தீன் சொல்லாகும்.

அதற்கு முன் பழைய ஆங்கிலத்தில் அவ்விடத்தை நிரப்பியது ‘சுவீதெ’. வலிமையைக் குறிக்கும் அடைமொழியிலிருந்து பிறந்த இச்சொல், ‘வலுவாக’ என்பதிலிருந்து ‘மிக’ என்பதற்கு நகர்ந்தது. அவ்வடைமொழியின் ஒப்பீட்டு வடிவம், ‘இரண்டனுள் வலியது’ என்ற கருத்தால், வலக்கையையும் குறித்தது; ‘வலம்’ என்பதில் வலிமையையும் வலப்பக்கத்தையும் ஒருங்கே காணும் தமிழர்க்கு இது எளிதில் விளங்கும். இடைக்காலத்தில் ‘சுவீதெ’, ‘விரைவாக’ என்ற பொருளையும் ஏற்று, மிகுதியுணர்த்தும் ஆற்றல் தளர்ந்து மறைந்தது. அதன் இடத்துக்கு முதலில் போட்டியிட்டவற்றுள் நிறைவைக் குறிக்கும் ‘ஃபுல்’ ஒன்று. ‘நிரம்ப’ என்பது பேச்சில் ‘ரொம்ப’ ஆனதும் இதே வழியில்தான்.

எனினும் நிலைத்தது ‘வெரி’யே. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கவிஞர் சாசர், தம் ‘காண்டர்பரி கதைகள்’ நூலின் முகவுரையில் வீரனை வருணிக்கும்போது, இச்சொல்லை வேறு அடைமொழிகளுக்கு முன்னால் நிறுத்துகிறார். அவ்வாறு அடைமொழிகள் அடுக்கி வரும்போது, ‘மெய்யான, குறையற்ற வீரன்’ என்பதை ‘மெய்யாகவே குறையற்ற வீரன்’ என்றும் கொள்ள இடமுண்டு. பெயரைத் தழுவிய சொல் அடுத்துள்ள அடைமொழியைத் தழுவத் தொடங்குவது இத்தகைய இடங்களில்தான், இவ்வரலாற்றின் நுட்பமான திருப்பமும் இதுவே. 16ஆம் நூற்றாண்டில் மிகுதிப் பொருள் பரவலாயிற்று. ஆனால் 1549இல் வெளிவந்த ஆங்கிலத் திருச்சபையின் பொது வழிபாட்டு நூலில், கிறிஸ்துவை மெய்யான கடவுள் என்று அறிக்கையிடும் பகுதியில், அச்சொல் பழைய பொருளோடே நிற்கிறது.

சொல்லின் மூலப்பொருள் மங்கி அளவுணர்த்தும் பணி மட்டும் எஞ்சுவதை மொழியியலார் ‘பொருள் வெளிறல்’ என்பர். ஓயாது வழங்குவதால் அழுத்தம் குறையும் மிகுதிச்சொல்லுக்குத் துணையாகப் புதியவற்றை மொழி தேடிக்கொண்டே இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர், அச்சம் கலந்த வியப்பைக் குறித்த ‘ஆஃபுலி’ என்பதை இனியவற்றுக்கும் அடையாக்கினர், இன்றைய தமிழ்ப் பேச்சிலும் பாட்டொன்று ‘பயங்கரமா நல்லா இருக்கு’.