அரசுத் துறைகளுக்கு ஒரே வரைபடம்: 'இண்ட்-இஏ' கட்டமைப்பு கூறுவது என்ன?

புதுதில்லி:

வருமானச் சான்றிதழ், கல்வி உதவித்தொகை, ரேஷன் அட்டை என எதற்கு விண்ணப்பித்தாலும், ஏற்கெனவே அரசிடம் உள்ள விவரங்களையே குடிமக்கள் மீண்டும் மீண்டும் அளிக்க வேண்டியுள்ளது. ஒவ்வொரு துறையும் தனக்கென மென்பொருளை உருவாக்கி, தரவைத் தன் போக்கில் சேமித்ததன் விளைவு இது. ஒரு துறையில் பிறந்த தேதி ஒரு வடிவில் இருக்கும். மற்றொன்றில் வயது மட்டுமே இருக்கும். இரண்டையும் கணினியால் ஒப்பிட இயலாது.

இதற்குத் தீர்வாக மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2018-இல் வெளியிட்டதே 'இண்ட்-இஏ' எனும் கட்டமைப்பு. இது மென்பொருள் அல்ல. துறைகள் தங்கள் அமைப்புகளைத் திட்டமிடுவதற்கான 8 பொது மாதிரிகளின் தொகுப்பு. செயல்பணி, தரவு, செயலி, தொழில்நுட்பம், ஒருங்கிணைப்பு, பாதுகாப்பு, செயல்திறன், ஆளுகை ஆகியவை அவை. இவற்றுள் செயல்பணி மாதிரியே அடிப்படை. எந்தச் சேவை யாருக்கு, எந்த நோக்கத்துக்காக வழங்கப்படுகிறது என்பதை அது முதலில் வரையறுக்கிறது; கணினி குறித்த பேச்சு அதன் பிறகே தொடங்குகிறது. பல அரசுத் திட்டங்களில் இந்த வரிசை தலைகீழாகவே இருந்து வந்துள்ளது.

இத்தகைய மாதிரிகளில் அமெரிக்கா முன்னோடி. அங்கு 1996-இல் இயற்றப்பட்ட கிளிங்கர்-கோஹன் சட்டத்தைத் தொடர்ந்து, கூட்டாட்சி அரசு 5 மாதிரிகளை வகுத்தது. இந்தியாவில் ஆந்திரப் பிரதேசத்தின் 'இ-பிரகதி' திட்டம் இதற்கு முன்னோட்டமாக அமைந்தது. மேகாலய அரசு 'மேக்-இஏ' என்ற பெயரில் தனது கட்டமைப்பை வகுத்தது. அதன் ஓர் அங்கமான மின்-முன்மொழிவு முறை, கோப்புகளைக் காகிதமின்றி நகர்த்துவதற்காக, 2022-இல் ஐ.நா. ஆதரவு பெற்ற டபிள்யூ.எஸ்.ஐ.எஸ். விருதைப் பெற்றது.

சுகாதாரத் துறையில் இதன் தாக்கம் தெளிவாகத் தெரிகிறது. ஜே. சத்யநாராயணா தலைமையிலான குழு 2019-இல் அளித்த தேசிய டிஜிட்டல் சுகாதாரச் செயல்திட்டம் இக்கட்டமைப்பைப் பின்பற்றியது. அதன்படி, நோயாளியின் மருத்துவப் பதிவுகள் ஒரே மையக் கிடங்கில் குவிக்கப்படுவதில்லை. அவை உருவான மருத்துவமனையிலேயே இருக்கும். நோயாளி ஒப்புதல் அளித்தால் மட்டுமே பகிரப்படும். 2021 செப்டம்பரில் நாடு முழுவதும் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் இந்த அடிப்படையிலேயே இயங்குகிறது.

எனினும், துறைகளை இணைக்கும் அதே பாலம், ஒருவரைப் பற்றிய விவரங்கள் அனைத்தையும் ஓரிடத்தில் திரட்டவும் வழிவகுக்கும். 2022-இல் கருத்துக் கேட்புக்கு வந்த இரண்டாம் பதிப்பின் வரைவில், ஆதார், பான், ஓட்டுநர் உரிமம் போன்ற அடையாளங்களை ஒன்றோடொன்று தொடர்புபடுத்தும் யோசனை இடம்பெற்றது. அப்போது நாட்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கெனத் தனிச் சட்டம் இல்லை. அச்சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2023 ஆகஸ்டில்தான்.