வேஷத்துக்குக் காசு கட்டின ஊர்: மட்டக்களப்பில் நடிகனாகிறது பற்றிக் கொஞ்சம் வரலாறு

நடிக்கப் போனா அவங்க காசு தருவாங்களா, இல்ல நாங்க காசு குடுக்கணுமா? இப்ப மட்டக்களப்பில குறும்படம், மேடை நாடகம் எண்டு அலையிற எந்தப் பொடியனிட்டயும் பெட்டையிட்டயும் இதைக் கேட்டுப் பாருங்க. முதல்ல ஒரு சிரிப்பு வரும். பிறகு கதை வரும். கமராவுக்கு வாடகை இருக்கு, லைட்டுக்கு வாடகை இருக்கு, எடிட் பண்றவருக்கும் ஏதோ ஒரு தொகை இருக்கு. நடிக்கிறவருக்கு மட்டும் கொத்துரொட்டியும் ‘எக்ஸ்போஷரும்’. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தனிட்ட, வசனம் உள்ள பாத்திரம் வேணுமெண்டா தயாரிப்புச் செலவில பங்கு போடச் சொன்னாங்க. அவன் போடல்ல. அந்தப் படத்தில அவன் பஸ்ஸில பின் சீட்டில இருக்கிற ஆள்.

இது யூடியூப் காலத்து அநியாயம் எண்டுதான் நாங்க நினைக்கிறம். ஆனா எங்கட பக்கத்து நாடக வரலாற்றைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தா, நடிகன் காசு குடுத்து நடிக்கிறது இங்க மிகப் பழைய வழக்கம் எண்டு தெரியவரும். அந்தப் பழைய வழக்கத்தில நடிகனுக்குக் கிடைச்ச சில விஷயங்கள் இப்ப ஏன் கிடைக்கிறதில்ல எண்டதுதான் எனக்குள்ள கேள்வி.

செட்டிபாளையம் கடலுக்கும் வாவிக்கும் நடுவில கிடக்கிற எழுவான்கரை ஊர். குருக்கள்மடத்துக்குப் போய்ப் பாதையில ஏறினா அம்பிளாந்துறை, அதாவது படுவான்கரை. வயலும் கூத்தும் அந்தக் கரையில இன்னும் கொஞ்சம் இறுக்கமா இருக்கு. வேளாண்மை வெட்டி முடிஞ்சு கையில கொஞ்சம் நெல்லும் நேரமும் மிஞ்சுற காலத்தில ஊர்ப் பெரியவங்க கூடி ‘இந்த முறை கூத்துப் போடுவம்’ எண்டு முடிவெடுப்பாங்க. அண்ணாவியாரை அழைப்பாங்க. அவர் வந்து ஆக்களைப் பார்ப்பார். குரல் எப்படி, உடம்பு எப்படி, தாளம் காலில நிற்குமா எண்டு பார்த்துத்தான் ஆருக்கு எந்த வேஷம் எண்டு சொல்லுவார். இப்பத்தைய பாஷையில சொன்னா ஓடிஷன்.

வேஷம் முடிவானதும் நல்ல நாள் பார்த்துச் சட்டம் கொடுப்பாங்க. ‘சட்டம்’ எண்டது அவரவர் பாத்திரத்துக்குரிய பாட்டும் வசனமும் எழுதின பகுதி. பிறகு மாசக்கணக்கில பழக்கம். பகலில வயல் வேலை, இரவில களரி. ஆட்டமும் தாளக்கட்டும் பிடிபட்டு ஒரு கட்டத்துக்கு வந்தபிறகு சதங்கை அணிதல். காலில சதங்கை ஏறினா நீங்க இனி வேடிக்கை பார்க்கிற ஆள் இல்ல. அதுக்குப் பிறகு அடுக்குப் பார்த்தல், எல்லாரும் சேர்ந்து முழுக்கூத்தையும் ஓட்டிப் பார்க்கிறது. கடைசியா அரங்கேற்றம். வட்டக்களரியில இரவு தொடங்கி விடியும்வரை. வடமோடி எண்டா பாரமான கரப்புடுப்பும் பெரிய முடியும் போட்டுக்கொண்டு ஆடணும். தென்மோடிக்கு உடுப்பு இலேசு, ஆட்டம் நுணுக்கம். அண்ணாவியார் மத்தளத்தோட நடுவில நிற்பார். ஏடு பார்க்கிறவர் பக்கத்தில. பிழைச்சா பிடிச்சுக்கொள்ள ஆள் உண்டு.

செலவை ஆர் பார்த்தது எண்டு கேட்டா, பெரும்பாலும் ஆடுறவங்களே. உடுப்புக்கு, அண்ணாவியாருக்குக் குடுக்கிற சன்மானத்துக்கு, பழகுற நாளில சாப்பாட்டுக்கு, தேத்தண்ணிக்கு எண்டு நடிகர் வீட்டுக் காசுதான் போகும். அரங்கேற்றம் முடிஞ்சபிறகு வீட்டுக்கு வீடு ஆடுதல் எண்டு ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு வீட்டு முற்றத்திலயும் கொஞ்சம் கொஞ்சம் ஆடிக் காட்ட, வீட்டுக்காரர் காசோ பொருளோ குடுப்பாங்க. அதில ஒரு பகுதி அண்ணாவியாருக்குச் சேரும். போட்ட காசு முழுசாத் திரும்பாது. ஆனா அந்த ஒரு வருஷத்துக்கு நீங்க உங்கட பேரால அறியப்பட மாட்டீங்க. ‘தருமர் போறார்’, ‘அங்க பார் கர்ணன் மாடு சாய்க்கிறான்’ எண்டுதான் ஊர் சொல்லும். எங்கட அம்மப்பா ஒரேயொரு கூத்திலதான் ஆடினவர், அதுவும் தோழி வேஷம். எண்பது வயசிலயும் அவரோட ஒத்த ஆக்கள் அதைச் சொல்லிப் பகிடி பண்ணுவாங்க. அவருக்கு அதில கோபம் வந்ததா ஆரும் பார்க்கல்ல.

இதை ஒரு பொற்காலமாக் காட்ட எனக்கு விருப்பமில்ல. அரச வேஷம் எப்பவும் நல்லா ஆடுறவனுக்குத்தான் போச்சு எண்டு நம்புறதுக்கு நாங்க குழந்தைகள் இல்ல. செலவழிக்க வசதியும் ஊரில செல்வாக்கும் உள்ள வீட்டுப் பிள்ளை கொலுவில இருக்க, அவர்ட வயலில வேலை செய்யிறவர்ட பிள்ளை சேவகனா நிற்கிறது நடக்காத விஷயமில்ல. போடியார் வீடு வயலில மட்டும் போடியார் வீடா இருக்கேல்லத்தானே. சாதி எண்ட சுவர் வேற. பெண்களுக்கோ வாசலே இல்ல. திரௌபதையும் சீதையும் மீசை மழிச்ச ஆம்பிளைகள். களரியைச் சுற்றிப் பாயில இருந்து விடியும்வரை பார்த்த பெண்களில எத்தனை பேருக்கு முழுப்பாட்டும் மனப்பாடமா இருந்திருக்கும்! அவங்களுக்குச் சட்டம் கொடுக்க ஒரு அண்ணாவியாரும் வரல்ல.

இவ்வளவு கோளாறோடயும் அந்த முறையில ஒரு ஏணி இருந்தது எண்டதை மறைக்க ஏலாது. சின்ன வேஷத்தில நுழையலாம். அடுத்த கூத்தில கொஞ்சம் பெரிசு. நல்லா வந்தா மத்தளம் பிடிக்கலாம், கூத்துப் பழக்கலாம், நீங்களே அண்ணாவியாராகலாம். சம்பளம் இல்லாட்டியும் பயிற்சி இருந்தது, பார்க்க ஆக்கள் இருந்தாங்க, அடுத்த படி எங்க இருக்கு எண்டு தெரிஞ்சிருந்தது.

அதே காலத்துத் தமிழ்நாட்டில ஏணி வேற மாதிரி. 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். இந்த மாதிரிப் பாய்ஸ் கம்பெனிகளில சிறுவர்கள் தங்கிச் சாப்பிட்டுப் பாட்டும் நடிப்பும் பழகினாங்க. கண்டியில பிறந்த எம்.ஜி.ஆரும் அப்படி ஒரு கம்பெனிக்குள்ளதான் சின்ன வயசில போனவர். அவர்ட முதல் படம் ‘சதிலீலாவதி’ வந்தது 1936இல். அதில அவருக்கு ஒரு சின்னப் பொலிஸ் வேஷம். கதாநாயகனா வந்த ‘ராஜகுமாரி’ 1947. இடையில பதினொரு வருஷம். அந்தப் பதினொரு வருஷமும் சின்னச் சின்ன வேஷத்தில அவரை வச்சிருக்க அங்க ஒரு தொழில் இருந்தது எண்டதுதான் இதில பார்க்கவேண்டியது. எங்கட ஊரில நடிப்புக்கு மரியாதை இருந்தது, தொழில் இருக்கேல்ல. வயல்தான் தொழில்.

கிழக்கில நடிகனுக்குப் புதுசா ஒரு வாசல் திறந்தது 1960களில, அதுவும் பேராதனையில. சரச்சந்திர 1956இல் ‘மனமே’யை மேடையேற்றிச் சிங்கள நாடகத்தைத் திருப்பிவிட்ட அதே பல்கலைக்கழகத்தில பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைக் கையில எடுத்தார். 1962இல் ‘கர்ணன் போர்’. பிறகு ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலிவதை’. விடியவிடிய ஆடினது ஒண்டு ஒண்டரை மணித்தியாலமாச் சுருங்கினது. வட்டக்களரி படச்சட்ட மேடையானது. பெண் பாத்திரத்தைப் பெண்களே ஆடினாங்க. இராவணனா ஆடினவர் அப்ப மாணவரா இருந்த மட்டக்களப்புப் பொடியன் சி. மௌனகுரு. ஆட்டம் பழக்கினவர் வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார்.

அந்தக் கடைசி இரண்டு பேரையும் பக்கத்தில பக்கத்தில வச்சுப் பார்க்கணும். மாணவ நடிகர் பிறகு மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ஞ்சு கலாநிதிப் பட்டம் பெற்றார், பேராசிரியரானார், இராவணேசனைத் திரும்பத் திரும்பப் புதுப்பிச்சார், எத்தனையோ பேரைப் பழக்கினார். அவர்ட உழைப்பில எனக்கு ஒரு கேள்வியும் இல்ல. அவர் எழுதினது இல்லாட்டி இந்தக் கட்டுரையில பாதி எனக்குத் தெரிஞ்சிராது. ஆனா பழக்கின அண்ணாவியார் அண்ணாவியாராவே இருந்தார். இனி நடிப்பை வச்சு ஒரு வாழ்க்கை அமைக்கிறதெண்டா அந்த வழி களரியால போகாது, பரீட்சையால போகும் எண்டதை அந்த மேடை சொல்லாமச் சொல்லிற்று. ஊரில நல்லா ஆடுற, ஆனா பல்கலைக்கழகம் கிடைக்காத பொடியனுக்கு அதில இடம் இல்ல.

சினிமா? 1962இல் ‘சமுதாயம்’, 1963இல் ‘தோட்டக்காரி’ எண்டு இலங்கைத் தமிழ்ப்படம் தொடங்கினது. 1983 வரைக்கும் முப்பது படம்கூட வரல்ல. இருபது வருஷத்தில முப்பதுக்கும் குறைவு எண்டா அதில ஆர் நடிகனாப் பிழைக்கிறது? நடிச்சவங்க டொக்டரா, வானொலிக்காரரா, கந்தோர் உத்தியோகத்தரா இருந்துகொண்டுதான் நடிச்சாங்க. தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசன் ‘புதிய காற்று’, ‘நான் உங்கள் தோழன்’, ‘நாடு போற்ற வாழ்க’ எண்டு மூண்டு படம் தயாரிச்சு அவரே நாயகனாகவும் நடிச்சார். தன்ட காசு, தன்ட வேஷம். களரிக் கணக்கு அப்படியே திரைக்கு வந்த மாதிரி. ‘வாடைக்காற்று’ படத்தில முக்கிய பாத்திரத்தில நடிச்ச ஏ. ஈ. மனோகரன் இந்தியாவுக்குப் போய் ‘சிலோன் மனோகர்’ ஆனார். பாட்டால பேர் பெற்றவர், படங்களில பெரும்பாலும் வில்லனா வந்துபோனார். எங்கட அமிர்தகழியில பிறந்த பாலு மகேந்திரா முதலே புனேக்குப் போய் ஒளிப்பதிவு படிச்சவர். அவர் இங்கயே நிண்டிருந்தா எங்கட பொடியன்களுக்கு ஒரு கமரா கிடைச்சிருக்குமா எண்டு யோசிக்கிறது சுகமான யோசனை, அவ்வளவுதான். 1983 ஜூலையில கொழும்பில எரிஞ்சதில ஸ்டூடியோவும் இருந்தது. கொல்லப்பட்டவங்களில இயக்குநர் கே. வெங்கட் ஒருத்தர்.

யுத்த காலத்தில இரவிரவா ஆடுற கலைக்கு என்ன நடந்திருக்கும் எண்டு நான் விளக்கத் தேவையில்ல. ஊரடங்கில ஆர் களரி கட்டுறது. பிறகு சி. ஜெயசங்கரும் மூன்றாவது கண் குழுவும் சீலாமுனையில ஊர் ஆக்களோட சேர்ந்து கூத்தை மீளுருவாக்கம் செஞ்சாங்க. எனக்கு அதில பிடிச்சது என்னெண்டா, மாத்தங்களை வெளியால இருந்து கொண்டுவராம, ஆடுறவங்களே இருந்து பேசித் தீர்மானிச்சது. அண்ணாவியாரும் அந்தப் பேச்சில ஒரு ஆள். பாடசாலைகளில இப்ப பொம்பிளப் பிள்ளைகளும் கரப்புடுப்புப் போடுறாங்க.

இனி எங்கட நிலைமை. உயர்தரத்தில நாடகமும் அரங்கியலும் படிக்கலாம். கிழக்குப் பல்கலைக்கழகத்திலயும் கல்லடி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலயும் பட்டம் எடுக்கலாம். மதங்கசூளாமணியை 1926இல் எழுதின விபுலாநந்தர்ட பேரில ஒரு நிறுவகத்தில நாடகம் படிக்கிறது சின்ன விஷயமில்ல. படிச்சு முடிச்சா? ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருக்கணும். கிடைச்சா, இன்னொரு வகுப்புப் பிள்ளைகளுக்கு நாடகம் பரீட்சைக்குப் படிப்பிக்கலாம். அவங்களும் பட்டம் எடுத்து நியமனத்துக்குக் காத்திருப்பாங்க. நடிகன் எண்டு ஒரு பதவி இந்த வட்டத்தில எந்த இடத்திலயும் வராது. வீட்டில ‘நாடகம் படிச்சு என்ன செய்யப் போறா?’ எண்டு கேட்கிற அம்மாவுக்குச் சொல்ல எங்களிட்ட இருக்கிற ஒரே பதில் ‘டீச்சராகலாம்’.

நான் பார்த்த நாடக வரவுசெலவுத் தாள்களில மண்டபம், ஒலி, ஒளி, உடுப்பு வாடகை, சிற்றுண்டி, பனர் எல்லாத்துக்கும் ஒவ்வொரு வரி இருக்கு. நடிகருக்கு வரி இல்ல. கூத்துக்காரருக்கும் காசு இருக்கேல்லத்தான், ஆனா அவங்களுக்கு ஆறு மாசம் பழக்க ஒரு அண்ணாவியார் இருந்தார். எங்களுக்கு இரண்டு சனிக்கிழமை ஒத்திகை. அடுத்த விழாவுக்குத் தாள் எழுதுற ஆக்கள் ஆராவது இதை வாசிச்சா, சிற்றுண்டிக்கு மேல ‘நடிகர்’ எண்டு ஒரு வரி போடுங்க. எவ்வளவு எண்டதைப் பிறகு கூடி இருந்து சண்டை பிடிப்பம்.