எண்ணெய்த் துளிச் சோதனை (ஆய்வகப் பாடம்)

எண்ணெய்த் துளிச் சோதனை என்பது எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளக்க உதவும் இயற்பியல் சோதனை ஆகும். சிக்காகோ பல்கலைக்கழகத்தில் இராபர்ட் மில்லிக்கனும் அவருடைய ஆய்வு மாணவர் ஆர்வி ஃபிளெச்சரும் 1909இல் இதனைத் தொடங்கினர். இன்று பல நாடுகளில் இளநிலை இயற்பியல் மாணவர்களின் ஆய்வகப் பாடத்தில் இது இடம்பெறுகிறது. விடையை முன்னரே அறிந்த ஒருவர் அதனை எவ்வாறு நேர்மையாக அளப்பது என்பதே இச்சோதனையின் உண்மையான கடினம்.

செய்முறை

சில மில்லிமீட்டர் இடைவெளியில் கிடைமட்டமாக அமைந்த இரு உலோகத் தட்டுகளுக்கு இடையே, தெளிப்பான் மூலம் எண்ணெய்த் துளிகள் செலுத்தப்படுகின்றன. பக்கவாட்டில் ஒளியூட்டி நுண்ணோக்கியில் நோக்கினால் அவை விண்மீன்கள் போல் வெறும் புள்ளிகளாகவே தெரியும். ஆரத்தை நேரடியாக அளக்க இயலாது. எனவே மின்புலம் இல்லாதபோது துளி விழும் முற்றுத் திசைவேகத்தை அளந்து, ஸ்டோக்ஸ் விதியின்படி ஆரம் கணக்கிடப்படுகிறது. 0.5 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள துளி அரை மில்லிமீட்டர் விழ ஏறத்தாழ 20 நொடிகள் ஆகும். பின்னர் தட்டுகளுக்குச் சில நூறு வோல்ட் மின்னழுத்தம் அளித்து, அதே துளி மேலேறும் வேகம் அளக்கப்படுகிறது. இவ்விரு வேகங்களிலிருந்து துளியின் மின்னூட்டம் கிடைக்கும்.

இத்தனை சிறிய துளிக்குக் காற்று தொடர்ச்சியான பாய்மமாக நடந்துகொள்வதில்லை. அதற்கான திருத்தத்தைச் செய்யாவிடில் மேற்கண்ட துளியின் மின்னூட்டம் 20 விழுக்காட்டுக்கும் மேல் மிகையாகக் கிடைக்கும்.

துளியைத் தேர்ந்தெடுத்தல்

பளிச்சென்று தெரியும் பெரிய துளிகளையே புதிய மாணவர்கள் நாடுவர். அவை விரைவாக விழும். பெரும்பாலும் மிகுதியான மின்னூட்டமும் கொண்டிருக்கும். இங்கேதான் பிழை நுழைகிறது. கிடைத்த மின்னூட்டத்தைப் பாடநூல் மதிப்பால் வகுத்து, ஈவை அருகிலுள்ள முழு எண்ணாக்கி, அவ்வெண்ணால் மின்னூட்டத்தை மீண்டும் வகுப்பது பலரது வழக்கம். முழு எண் 20 எனில், அளவீடு எவ்வளவு தவறாயினும் விடை பாடநூல் மதிப்பிலிருந்து 2.5 விழுக்காட்டுக்கு மேல் விலகாது. மனம்போன போக்கில் எழுதிய எண்களும் இம்முறையில் "சரியான" விடையையே தரும்!

மெதுவாக விழும், ஒன்று முதல் ஐந்து வரையிலான எலக்ட்ரான் மின்னூட்டங்களே உடைய துளிகளைத் தேடிப் பிடிப்பதே முறை. வலுக்குறைந்த கதிரியக்க மூலத்தால் காற்றை அயனியாக்கினால் ஒரே துளியின் மின்னூட்டம் படிப்படியாக மாறும். அப்படிகளின் பொது அளவு, பாடநூலின் துணையின்றியே எலக்ட்ரானின் மின்னூட்டத்தைக் காட்டும். துளி குவியத்தை விட்டு விலகிச் செல்வதால் இதற்குப் பொறுமை வேண்டும்.

மில்லிக்கனின் குறிப்பேடுகள்

1913இல் மில்லிக்கன் வெளியிட்ட மதிப்பு 1.592 × 10⁻¹⁹ கூலும். 2019 மே 20 முதல் அனைத்துலக அலகு முறையில் வரையறுக்கப்பட்டுள்ள மதிப்பு 1.602176634 × 10⁻¹⁹ கூலும். காற்றின் பாகுநிலைக்கு அவர் பயன்படுத்திய எண் சற்றுக் குறைவாக இருந்ததே வேறுபாட்டின் முதன்மைக் காரணம்.

அக்கட்டுரையிலுள்ள 58 துளிகளும் தேர்ந்தெடுக்கப்பட்டவை அல்ல, 60 நாட்களில் ஆய்ந்த துளிகள் அனைத்தும் அவையே என்று அவர் எழுதியிருந்தார். எனினும் அவருடைய குறிப்பேடுகளில் விடுபட்ட துளிகள் பல உள்ளன என்பதை 1978இல் செரால்டு ஓல்ட்டன் சுட்டிக்காட்டினார். விடுபட்டவற்றைச் சேர்த்தாலும் இறுதி மதிப்பு பெரிதாக மாறாது, பிழை வரம்பே கூடும் என்று 1981இல் ஆலன் ஃபிராங்க்ளின் கணக்கிட்டார். இதன் காரணமாக, கைவிட்ட துளிகளையும் அழிக்காமல், ஒரு கோட்டால் அடித்துக் காரணத்துடன் குறிப்பேட்டில் வைத்திருக்குமாறு மாணவர்களுக்குக் கூறுவது பொருத்தமானது.