பறித்தலும் மழித்தலும்

திருவாமாத்தூர் அபிராமேசுவரர் கோயிலுக்குச் செல்லும்போதெல்லாம் நால்வர் திருமேனிகளின் முன் சற்றே அதிக நேரம் நிற்பது நம் வழக்கம். விழுப்புரத்திலிருந்து ஆறேழு கிலோமீட்டர்தான். மாலை வகுப்பு முடிந்து புறப்பட்டால்கூடப் போய்த் திரும்பிவிடலாம். நால்வருள் அப்பரை அடையாளங்காண்பதில் எவருக்கும் சிரமமிராது. தோளில் உழவாரம், தலையோ மழித்த தலை. அந்தத் தலையைப் பற்றியதே இக்கட்டுரை.

இத்தலத்தைப் பாடிய அப்பர், சைவத்திற்குத் திரும்புமுன் தருமசேனர் என்னும் பெயரில் சமணத் துறவியாக இருந்தவர் என்பதை வாசகர் அறிவர். திருப்பாதிரிப்புலியூரை விட்டு இரவோடிரவாகத் தமக்கையார் இருந்த திருவதிகைக்கு வந்தபோது அவர் பாயுடையையும் குண்டிகையையும் மயிற்பீலியையும் களைந்தார் என்கிறார் சேக்கிழார். தலையை மட்டும் களைய இயலாதல்லவா? அது கையால் மயிர் பறிக்கப்பட்ட தலை. அந்நாட்களைப் பின்னாளில் தம் பாடல்களில் அவரே நொந்து குறிப்பிடுகிறார்.

இதை ஒருமுறை வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தோம். 'மயிர்' என்ற சொல்லைக் கேட்டதுமே பாதி வகுப்பு சிரித்தது. (வள்ளுவர் கூசாமல் ஆண்ட சொல் நம் காலத்தில் வசைச்சொல்லாகிவிட்டது.) பறித்தலைச் சொன்னபோது மீதி வகுப்பும் சிரித்தது, நாமும் கொஞ்சம் சிரித்தோம் என்பதை மறைப்பானேன். வகுப்பு முடிந்ததும் திண்டிவனம் பக்கத்து மாணவி ஒருத்தி வந்து நின்றாள். "ஐயா, எங்கள் வீட்டில் அதை உலோச்சு என்பார்கள். எங்கள் பாட்டி அதைப் பற்றிப் பேசும்போது கைகூப்பிக்கொண்டுதான் பேசுவார்" என்றாள். நயினார் குடும்பத்துப் பெண். நமக்கு முகம் சுருங்கிவிட்டது.

திண்டிவனத்திற்கும் செஞ்சிக்கும் இடையே மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணரின் தலைமை மடம் இன்றும் இருக்கிறது. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் சந்திரநந்தி ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்துறந்ததைச் சொல்லும் பழங்கல்வெட்டு இருக்கிறது. சமணம் நமக்குப் பாடப்புத்தகத்துச் செய்தி. அவளுக்கு அது வீட்டுச் செய்தி. அதன்பின்தான் உலோச்சைப் பற்றி ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினோம்.

திகம்பரத் துறவியின் இருபத்தெட்டு மூலகுணங்களுள் ஒன்று அது. வட்டகேரர் பெயரால் வழங்கும் 'மூலாசாரம்' என்ற பிராகிருத நூல் அதற்குக் கால எல்லையும் வகுக்கிறது: இரண்டு மாதத்திற்கு ஒருமுறை செய்தல் உத்தமம், மூன்று மாதம் மத்திமம், நான்கு மாதம் கடைநிலை. அன்றைக்கு உண்ணாநோன்பு. மயிர் வழுக்காமல் பிடிபடச் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, தலை, தாடி, மீசை ஆகியவற்றை விரல்களாலேயே களைவர். உடலின் பிற இடங்களைத் தொடுவதில்லை.

ஏன் இத்தனை வேதனை? கத்தி வைத்திருந்தால் அது உடைமை. நாவிதரை அழைத்தால் அவருக்குக் கூலி தரவேண்டும். துறவியிடம் காசு ஏது? வளரவிட்டாலோ பேன் சேரும், சொறிந்தால் உயிர்க்கொலை. ஒவ்வொரு வழியும் அடைபட, எஞ்சுவது தன் கை ஒன்றுதான். உடலை வதைக்கும் ஆவேசத்தில் தோன்றிய பழக்கமன்று இது, கணக்குப் பார்த்துச் சென்றடைந்த முடிவு என்றே நமக்குத் தோன்றுகிறது.

பௌத்தர் வேறு முடிவுக்கு வந்தனர். பிக்குவின் எட்டுப் பொருள்களுள் சவரக்கத்தியும் ஒன்று. முடி இரண்டு விரற்கடைக்கு மேலோ இரண்டு மாதத்திற்கு மேலோ வளரலாகாது என்பது விநய விதி. இங்கும் அதே இரண்டு மாதம் வருவதைக் கவனியுங்கள். மறைவிடத்து மயிரை நீக்கலாகாது, நோயுற்றால் மட்டும் விலக்கு என்றும் அவர்கள் விதித்திருக்கிறார்கள். அழகுபடுத்தலுக்கும் தூய்மைக்கும் இடையில் கோடு எங்கே விழுகிறது என்று அக்காலத்திலேயே யோசித்திருக்கிறார்கள்.

இவ்விரு நெறிகளின் பிணக்கு ஒரு பெண்ணின் பெயரிலேயே தங்கிவிட்டது. பாலி உரைநூல் சொல்லும் கதைப்படி, பத்தா என்பவள் சமணத் துறவு பூண்டபோது பனஞ்சீப்பால் அவள் மயிரைப் பறித்தனர். அது மீண்டும் சுருள்சுருளாக முளைத்தது. அதனால் குண்டலகேசி ஆனாள். பின்னர் அவள் பௌத்தம் தழுவினாள். அவள் பெயரில் நாதகுத்தனார் செய்த தமிழ்க் காப்பியத்தில் நமக்குக் கிடைத்தவை பத்தொன்பது பாடல்களே. அந்நூலை மறுக்க எழுந்த நீலகேசியோ உரையோடு முழுமையாகக் கிடைக்கிறது. அந்தத் தலைவியின் பெயரிலும் கூந்தல்தான்!

இனி வள்ளுவர். கூடாவொழுக்கத்தின் கடைசிக் குறளில் அவர் வேண்டாம் என்று தள்ளுபவை இரண்டு: தலையை மழிப்பதும், சடையாக நீட்டுவதும். பறித்தலை அவர் பெயர் சொல்லித் தள்ளவில்லை. அவரைச் சமணர் என்போர் இதைச் சான்றாகக் காட்டலாம். மழித்தலில் பறித்தலும் அடங்கும் என்று மற்றவர் மறுக்கலாம். தமிழ் இவ்விரண்டுக்கும் தனித்தனி வினைச்சொல் வைத்திருக்கும்போது அடக்கிப் பொருள்கொள்வது எளிதன்று என்பது நம் எண்ணம். ஆயினும் இதை மட்டும் கொண்டு வள்ளுவரின் சமயத்தை நிறுவ நாம் துணியமாட்டோம்.

அப்பரின் செப்புத்திருமேனிகளை வார்த்த சிற்பிகள் அவருக்குச் சடையும் வைக்கவில்லை, குடுமியும் வைக்கவில்லை. தருமசேனரின் வெறுந்தலை சைவத்திலும் வெறுந்தலையாகவே தொடர்ந்தது. பறித்தல் மட்டும் மழித்தலாயிற்று. களைதலை அவர் கையும் விடவில்லை. கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்க உழவாரத்தைப் பிடித்துக்கொண்டது.

மறு வாரம் அதே பாடலை அதே வகுப்பில் மீண்டும் நடத்தினோம். கரும்பலகையில் மழித்தல், நீட்டல், பறித்தல் என்று மூன்று சொற்களையும் எழுதிவிட்டு, உலோச்சை விளக்கும்படி அம்மாணவியையே அழைத்தோம். தயங்கினாலும் நன்றாகவே சொன்னாள். ஒருவன் எழுந்து, "அப்படியானால் உங்கள் தாத்தாவும் பறித்துக்கொள்வாரா?" என்று கேட்டான்.

"அது துறவிகளுக்கு மட்டும்தான். தாத்தா ஞாயிற்றுக்கிழமை சலூனுக்குப் போவார்" என்றாள்.